அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று

என் கணவர் இறந்து எட்டாவது மாதத்தில், ஒரு சனிக்கிழமை காலை, வரி அலுவலகத்திலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று அவர் பெயருக்கு, மற்றது என் பெயருக்கு. இரண்டும் ஒரே அளவு, ஒரே கனம். அவருடையதை முதலில் திறந்தேன். அந்த எட்டு மாதமும் அவருடைய கடிதங்களைத் திறந்தே கை பழகியிருந்தது.

நான் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளுக்கு நாள் குறித்துக் கொடுக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். நாளுக்கு அறுபது, எழுபது கடிதங்கள் என் மேசையிலிருந்து போகும். ஒரு கடிதம் எவ்வளவு மரியாதையாக எழுதப்பட்டிருக்கிறதோ அவ்வளவுக்கு உள்ளே ஏதோ கெட்ட செய்தி இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். இந்தக் கடிதம் மிகவும் மரியாதையாக இருந்தது. நீங்கள் வீடொன்றை வாடகைக்கு விட்டு வருமானம் பெறுவதாக எங்களுக்குத் தகவல் கிடைத்திருக்கிறது, அதற்கு நீங்கள் வரி கட்டியதாகத் தெரியவில்லை, தயவுசெய்து இணைத்துள்ள படிவத்தை முப்பது நாளுக்குள் நிரப்பி அனுப்புங்கள். படிவத்தில் மூன்று கட்டங்கள். அவற்றில் ஒன்று, ‘அறிவிக்க வேண்டிய வருமானம் எனக்கு எதுவும் இல்லை.’ கையெழுத்து இடும் கோட்டுக்குக் கீழே, பொய்யான தகவல் தருவது குற்றம், வழக்குத் தொடரப்படலாம் என்று ஒரு வரி.

என்னுடையதிலும் அதே சொற்கள். பெயர் மட்டும் வேறு.

அந்த வீடு கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் இருக்கிறது. இரண்டு படுக்கையறை உள்ள பழைய வரிசை வீடு. பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த என் கணவர், வருடக்கணக்காக இரட்டை ஷிப்ட் செய்து சேர்த்த பணத்தில் ஒன்பது வருடங்களுக்கு முன்பு வாங்கியது. வங்கி இரண்டு சம்பளத்தையும் கேட்டதால் வீடு இருவர் பெயரிலும் எழுதப்பட்டது. அவர் காகிதங்களைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் வைப்பார். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னதாகக் கீறியிருப்பார். சோறு கொதிக்கும் இடைவெளியில் நான் போட்டுக்கொடுப்பேன். அந்த வீட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஒரு தடவை கேட்டேன். “இதுக்கு நாங்கள் வரி ஒண்டும் கட்ட வேண்டாமே?”

“வாற வாடகை அப்பிடியே பாங்குக் கடனுக்குப் போகுது. எங்கடை கையிலை என்ன நிக்குது? கையிலை நிக்காத காசுக்கு ஆர் வரி கேக்கிறது?” என்றார்.

அது சரியாகவே பட்டது. இப்போது யோசித்தால், சரியாகப் பட வேண்டும் என்று நான் விரும்பியிருக்கிறேன்.

கடிதங்களை மடித்து, அடுப்புக்குக் கீழே தட்டுகள் வைக்கும் இழுப்பறைக்குள் தள்ளினேன். பிறகு திரும்ப எடுத்து வாசித்தேன். திரும்ப உள்ளே வைத்தேன். அன்றைக்கு இப்படி எத்தனை தடவை செய்தேன் என்று தெரியாது. மகள் லீட்ஸில் ஆசிரியர் பயிற்சியில் இருந்தாள். மாலையில் அவள் அழைத்தபோது வழமைபோல் சாப்பிட்டாயா, குளிருக்கு உடுப்பு இருக்கிறதா என்று கேட்டு வைத்துவிட்டேன். தாய் ஒரு வழக்கில் மாட்டினால் பிள்ளையின் வேலைக்கு ஏதாவது வருமா என்று யோசித்தேன். அந்த யோசனை அதன் பிறகு பல மாதங்கள் கூடவே இருந்தது.

வீடு வாங்க என் கணவருக்குத் துணிவு கொடுத்தவர் அவருடைய நெருங்கிய நண்பர். எங்கள் மாதா கோவிலில் பாடகர் குழுவில் இருப்பவர். நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு மூன்று வீடுகள் வாடகையில் இருந்தன. அடுத்த நாள் பூசை முடிந்ததும் கோவிலின் பின்பக்கம் கார் நிறுத்தும் இடத்தில் அவருடைய காருக்குள் இருந்து கடிதத்தைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார். வாசிக்க வாசிக்க அவருடைய முகம் மாறியது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது.

“ஆருக்கும் காட்டினீங்களோ?”

“இல்லை அண்ணை. உங்களுக்குத்தான் முதல்.”

“காட்டாதேங்கோ. உங்கடை மனுசன் நகரசபைக் கவுன்சிலிலை போய் லைசென்ஸ் எடுத்ததுதான் பிழை. வீடு வாடகைக்கு விடுறவை எல்லாரும் எடுக்க வேணும் எண்டு சட்டம் வந்த நேரம் நான் சொன்னனான், கொஞ்சம் பொறு எண்டு. கேக்கேல்லை. அங்கையிருந்துதான் இவங்களுக்குத் தகவல் போயிருக்கும்.”

“இப்ப நான் என்ன செய்யிறது?”

அவர் கார்க் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். ஆட்கள் சிரித்துக் கதைத்தபடி போய்க்கொண்டிருந்தார்கள். “ஒண்டும் இல்லை எண்ட கட்டத்திலை கீறிப் போட்டு அனுப்புங்கோ. வாடகைக்கு இருக்கிற பிள்ளையிட்டை ஒரு கடிதம் வாங்கி வையுங்கோ. தெரிஞ்ச ஆக்கள், சும்மா இருக்கினம், பாங்குக்குப் போடுறது அவைக்கு நீங்கள் முந்தித் தந்த கைமாத்தைத் திருப்பிக் கட்டிற காசு எண்டு. நான் எழுதித் தாறன். அவ கையெழுத்து வைச்சாச் சரி.”

“பிடிபட்டால்?”

“தங்கச்சி, உண்மையைச் சொன்னால்தான் பிடிபடுவீங்கள்.”

புதன்கிழமை அவர் எழுதித் தந்த கடிதத்தோடு, வேலை முடிந்து மூன்று மணிக்கு பார்க்கிங் போனேன். அந்த வீட்டில் இருந்தவள் மதுரைப் பக்கத்துப் பெண். முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை. அந்த வேலையை வைத்துத்தான் அவளுக்கும் கணவனுக்கும் மூன்று வயதுக் குழந்தைக்கும் விசா. கணவர் போன பிறகு நான் அந்த வீட்டுக்குப் போனதே இல்லை. வாடகை மாதம் முதலாம் திகதி வந்துவிடும். அது போதுமாக இருந்தது.

கதவைத் திறந்து என்னைக் கண்டதும் அவள் முகம் வெளிறிவிட்டது. உள்ளே கூட்டிப்போய் இருத்தினாள். நான் தண்ணீர் கேட்கவில்லை, ஆனாலும் கொண்டுவந்தாள். 

“அக்கா, வீட்டைக் காலி பண்ணணுமா?” என்றாள், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே. “அண்ணன் போனதிலேர்ந்து எதிர்பார்த்துட்டேதான் இருக்கேன். நீங்க வித்துருவீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. ஒரு ரெண்டு மாசம் டைம் குடுங்கக்கா.”

“இல்லையம்மா, அதுக்கு வரேல்லை. ஒரு கையெழுத்து வேணும்.”

அவள் மூச்சு விட்டதை நான் கேட்டேன். “அவ்வளவுதானா? எங்கக்கா போடணும்?”

வாசித்துப் பார் என்று சொன்னேன். அவள் வாசிக்கவில்லை. பேனாவைத் தேடி எடுத்து, சோபாவின் கைப்பிடியில் வைத்தே பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதன் பிறகுதான் கண்ணை மேலே ஓடவிட்டாள். பாதி வாசித்ததும் நிறுத்தினாள்.

“இதுல நாங்க வாடகை குடுக்கலைன்னு இருக்குதேக்கா?”

“ஓம். ஒரு அலுவலுக்கு.”

 பக்கத்து அறையில் குழந்தை ஏதோ பாட்டுப் போட்டுவிட்டுக் கூடவே கத்திக்கொண்டிருந்தது. பிறகு மெல்லக் கேட்டாள்: “இதனால எங்க விசாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்லக்கா?”

 ஆகாது என்று சொல்வதற்கு வாய் வரவில்லை. ஆகும் என்று சொன்னால் அந்தக் காகிதத்தை நான் அங்கேயே கிழிக்க வேண்டும். நான் இரண்டையும் செய்யவில்லை. “நான் விசாரிச்சுப் போட்டுச் சொல்லுறன்” என்று சொல்லி, காகிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பினேன். அவள் வாசல் வரை வந்து நன்றி சொன்னாள். எதற்கு நன்றி என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

பார்க்கிங்கிலிருந்து நான் இருக்கும் ஈஸ்ட் ஹாமுக்கு ரயிலில் ஒரே ஒரு நிறுத்தம். நான் இறங்க மறந்துவிட்டேன். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு எட்டு நிறுத்தம் தாண்டி வைட்சாப்பல் வரை போயிருந்தேன். அங்கே மேடையில் ஒரு பெஞ்சில் இருந்தேன். என்னை விடப் பயந்த ஒருத்தியைக் கண்டுபிடித்து என் பயத்தை அவளிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று அங்கேதான் விளங்கியது. அவள் மறுப்பாள் என்று நான் உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தேன் போல. மறுத்திருந்தால் அவள் மேல் கோபப்பட்டிருக்கலாம். அவள் மறுக்கவில்லை.

எங்கள் பிரிவில் வேலை செய்யும் மலேசியத் தமிழ்த் தாதி ஒருத்தி தன் அக்கா கணக்காளர் என்று முன்பு சொல்லியிருந்தாள். அந்தப் பெஞ்சிலிருந்தே அவளை அழைத்து இலக்கம் வாங்கினேன். அக்காவின் அலுவலகம் குரோய்டனில் இருந்தது.

குரோய்டன் என்றதும் எனக்குக் கால் பின்வாங்கியது. இந்த நாட்டுக்கு வந்து முதன்முதல் நான் ஒரு படிவத்தில், அகதி விண்ணப்பத்தில், கையெழுத்துப் போட்டது அங்கேதான், அந்தப் பெரிய அரசாங்கக் கட்டடத்துக்குள். ஒரு சொல் மாறிச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். திகதிகளை விரல்களில் எண்ணி எண்ணிப் பாடமாக்கிக்கொண்டு போயிருந்தேன். அதன்பின் குடியுரிமை கிடைத்து எத்தனையோ வருடம். ஆனாலும் ட்ராமிலிருந்து இறங்கி நடந்தபோது, யாராவது கேட்டால் சொல்வதற்கென்று என் பிறந்த திகதியையும் முகவரியையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை.

கணக்காளருக்கு ஐம்பது வயதிருக்கும். படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். எனக்கு ஆறுதலாக இரண்டு சொல் சொல்வார் என்று நினைத்தேன். அவர் கடிதங்களைப் படித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, “இந்தப் படிவத்துல கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டீங்களா?”

“இன்னும் இல்லை.”

“நல்லது. அனுப்பாதீங்க. இதுக்குன்னு வேற வழி இருக்கு, நாமளே முன்வந்து எல்லாத்தையும் கணக்குக் காட்டுற வழி. அதுல போவோம்.”

பையிலிருந்த மற்றக் காகிதத்தையும் எடுத்து வைத்தேன். அவர் அதை வாசித்துவிட்டு மேசையின் அந்தப் பக்கம் தள்ளினார். “இது இங்க வரவே இல்லைன்னு வெச்சுக்குவோம். வீட்டுக்குப் போய்க் கிழிச்சிருங்க. இல்லைன்னா வேற ஆளைப் பாருங்க.”

என் கணவர் சொன்ன நியாயத்தைச் சொன்னேன். கையில் எதுவும் நிற்கவில்லை, எல்லாம் வங்கிக்குத்தான் போனது என்று. அவர் தலையாட்டினார். இதையே எத்தனையோ பேரிடம் கேட்டவர் போல இருந்தது. வங்கிக்குக் கட்டும் பணத்தில் கடனின் முதலைக் குறைக்கும் பகுதி செலவு அல்ல, அது வீட்டில் நம் பங்கைக் கூட்டுகிறது என்றார். வட்டியையும் முன்பு போல் முழுதாகக் கழிக்க முடியாது, அதற்கு வரியில் ஒரு பகுதிச் சலுகைதான் என்றார். கணவன் மனைவி இருவர் பெயரிலும் உள்ள வீடென்றால் சாதாரணமாக வாடகை பாதிப் பாதி. ஆகவே ஒன்பது வருடமாக நானும் வரி கட்டாமல் இருந்திருக்கிறேன். அவருடைய பாதிக்கு, அவருடைய சொத்தை நிர்வகிக்கிறவள் என்ற முறையில் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

“ஜெயிலுக்குப் போக வேண்டி வருமோ?” என்று கேட்டேன். 

“நாமளா போய் முழுசா சொன்னா, பொதுவா அந்த அளவுக்குப் போகாது. வரி, வட்டி, அபராதம். ஆனா நான் சத்தியம் பண்ணித் தர முடியாது.” பிறகு, பேனாவைத் திறந்தபடி, “கவுன்சில் லைசென்ஸ் யார் பேருல இருக்கு?”

“அவரின்ரை பேரிலை.”

“அவங்க இறந்ததும் அதுவும் முடிஞ்சு போச்சு. மூணு மாசம் அவகாசம் உண்டு. நீங்க இப்ப எட்டாவது மாசம்.” அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “அஞ்சு மாசமா லைசென்ஸ் இல்லாம வீடு விட்டிருக்கீங்க. அதுக்கும் அபராதம் வரலாம். குடியிருக்கிறவங்க நினைச்சா, அந்த அஞ்சு மாச வாடகையைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போடலாம். இன்னைக்கே விண்ணப்பம் போடணும்.”

ஒரு பயத்தைக் கொண்டுபோய் இரண்டோடு திரும்பினேன். வீட்டுக்கு வந்து அந்தப் பொய்க் கடிதத்தைக் கிழித்தேன். கிழித்த துண்டுகளைக் குப்பையில் போடப் பயமாக இருந்தது. தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கிப் போட்டேன்.

அண்ணைக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் வீடு வாங்கிய காலத்தில் அவருக்கும் என் கணவருக்கும் இடையில் பணம் போய் வந்திருக்கிறது. வங்கிக் காகிதங்களில் அவர் பெயரும் இருந்தது. சொல்லாமல் விடுவது நியாயமில்லை என்று அழைத்தேன்.

வரி அலுவலகத்துக்கு எல்லாவற்றையும் காட்டப்போவதைச் சொன்னேன். “அவன் இருந்திருந்தால் இப்பிடிச் செய்ய விட்டிருக்க மாட்டான்” என்றார்.

“அவர் இருந்திருந்தால் அவரின்ரை கடிதத்துக்கு அவர் பதில் சொல்லியிருப்பார், அண்ணை. இப்ப ரெண்டுக்கும் நான்தான்.”

“நீங்கள் கதவைத் திறந்து விட்டால் அவங்கள் உங்கடை வீட்டோடை நிக்க மாட்டாங்கள். எனக்கும் பிள்ளையள் இருக்குது.” அவருடைய குரல் நடுங்கியது. மிரட்டுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, அவர் கெஞ்சினார். அத்தனை வருடமும் அந்த மனிதரும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். அதன் பிறகு கோவிலில் என்னைக் கண்டால் தேநீர்க் கோப்பையோடு மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வார். வேறு சிலரும் அப்படித் திரும்பத் தொடங்கினார்கள். அவர் என்ன சொன்னாரென்று எனக்குத் தெரியாது.

கணக்காளர் ஒன்பது வருட வங்கிக் காகிதங்களையும் கேட்டிருந்தார். ஞாயிறு மத்தியானங்களில் அவற்றை மேசையில் பரப்பி, மாதம் மாதமாகக் கோடு போட்டேன். என் கணவர் காகிதங்களை ஒழுங்காகத்தான் வைத்திருந்தார். வரி கட்டாதவர் ஏன் இவ்வளவு ஒழுங்காக வைத்திருக்க வேண்டும் என்று ஆச்சரியமாக இருந்தது. ஒருநாள் காட்ட வேண்டி வரும் என்று அவருக்கும் உள்ளே தெரிந்திருக்கலாம். மூன்று வருடத்துக்கு முந்திய ஒரு மாதத்தில், வாடகை வந்த மறுநாளே அதில் பாதி திரும்பிப் போயிருந்தது. அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்த மாதம். எனக்கு அவர் சொல்லவேயில்லை. கூரையில் ஒழுக்கு, கொதிகலனில் பழுது, குளியலறைத் தரை, எல்லாம் ஷிப்ட் முடிந்து போய்த் தன் கையாலேயே செய்தார். அதற்கெல்லாம் கழிவு உண்டா என்று கணக்காளரைக் கேட்டேன்.

“வாங்கின சாமானுக்கு ரசீது இருந்தா உண்டு. அவங்க உழைப்புக்குக் கிடையாது” என்றார்.

அன்றைக்கு அந்த அலுவலகத்தில் அழுதேன். கணக்காளர் கதவைச் சாத்திவிட்டு, காகிதங்களை அடுக்கிக்கொண்டே இருந்தார். அவருக்கு அழுகிறவர்கள் பழக்கம் போல.

லைசென்ஸ் விண்ணப்பம் போட்ட மறுநாள் திரும்பவும் பார்க்கிங் போனேன். இந்த முறை போவதற்கு அதிகம் பயந்தேன். லைசென்ஸ் முடிந்த கதையை அந்தப் பெண்ணிடம் சொல்லத் தேவையில்லை என்றும் கணக்காளர் சொல்லவில்லை, சொல் என்றும் சொல்லவில்லை. அது உங்கள் விருப்பம் என்றார். அந்தப் பெண் அன்றைக்கு வேலைக்குப் போகும் உடுப்பில் இருந்தாள்.

“அந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டன். நீ ஒண்டுக்கும் பயப்பிடாதை. ஆரும் கேட்டால் வாடகை குடுக்கிறன் எண்டு உண்மையைச் சொல்லு” என்றேன். பிறகு மற்றதையும் சொன்னேன். ஐந்து மாதம் லைசென்ஸ் இல்லாமல் இருந்ததை, அந்த வாடகையைத் திருப்பிக் கேட்க அவளுக்கு உரிமை இருக்கலாம் என்பதை, எங்கே விசாரிக்கலாம் என்பதை.

அவள் சந்தேகமாக என்னைப் பார்த்தாள். “ஏன்க்கா இதை நீங்களே வந்து சொல்றீங்க?”

“தெரியேல்லை” என்றேன். அது உண்மை.

“எங்க வீட்டுக்காரர்கிட்ட பேசிட்டுச் சொல்றேன்” என்றாள். அவள் உடனே பரவாயில்லைக்கா என்று சொல்வாள் என எதிர்பார்த்திருந்தேன். சொல்லவில்லை. சொல்லாதது நல்லது என்று பிறகு தோன்றியது. ஆனால் அவளுடைய பதில் வரும் வரைக்கும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பதினொரு நாள். பன்னிரண்டாம் நாள் ஒரு செய்தி அனுப்பினாள். கேஸ் எல்லாம் வேணாம்க்கா, பின்னறைச் சுவர்ல ஈரம், பாப்பாவுக்கு இருமல் நிக்கல, அதைச் சரி பண்ணிக் குடுங்க, இந்த வருஷம் வாடகை ஏத்தாதீங்க. அடுத்த வாரம் ஆளைப் பிடித்து அந்தச் சுவரைச் சரிசெய்தேன். ரசீது வாங்கி வைத்தேன்.

கவுன்சில் எச்சரிக்கைக் கடிதம் ஒன்றோடு என் பெயருக்கு லைசென்ஸ் தந்தது. வரி அலுவலகத்தின் பதில் வர அடுத்த கோடைகாலம் ஆகிவிட்டது. என் பங்குக்கு வரி, வட்டி, அபராதம். அவர் பங்குக்கு வரியும் வட்டியும் மட்டும். இறந்தவர் மேல் அபராதம் போடவில்லை. அவருடைய வேலையிடத்திலிருந்து வந்த ஓய்வூதியத் தொகையில் பெரும்பகுதி அதற்குப் போனது. மிச்சத்தைத் தவணையில் கட்டுகிறேன். வீட்டை விற்கவில்லை. மகளுக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னேன். “அம்மா, why didn't you tell me?” என்று கத்தினாள். பிறகு நெடுநேரம் இருவரும் தொலைபேசியை வைக்காமல் இருந்தோம்.

பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். இப்போதும் சில நாள் வேலையில், ஒரு நோயாளியின் பெயருக்குக் கடிதம் அச்சாகி வரும்போது, அதை எடுக்கும் முன் என் பெயரா என்று பார்க்கிறேன்.

இந்த ஜனவரியில் முதன்முதலாக என் வரிக்கணக்கை நானே கணினியில் நிரப்பினேன். கணக்காளர் பக்கத்தில் இருந்து பார்த்தார், விசைகளைத் தொடவில்லை. வாடகை, வட்டி, சுவர் திருத்திய செலவு. வீட்டுக்கு எத்தனை உரிமையாளர் என்று ஓரிடத்தில் கேட்டது. ஒன்று என்று இட வேண்டியிருந்தது. அதற்குத்தான் அதிக நேரம் எடுத்தேன்.